காலையில் பனி, மாலையில் கடல்

லெபனானில் பிறந்த எல்லோருக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒன்று மனப்பாடம். எங்கள் நாட்டில் காலையில் மலையில் பனிச்சறுக்கலாம், மாலையில் கடலில் நீந்தலாம், இரண்டும் ஒரே நாளில். வெளியூர்க்காரர் யாராவது கிடைத்தால் கைகுலுக்கிய சூட்டோடு சொல்லிவிடுவோம். செய்து பார்த்த ஒருவரைக்கூட நான் இதுவரை கண்டதில்லை.

ஊரிலேயே அதை அதிகம் சொன்னவன் என் தம்பி வதீஹ். சறுக்கு மைதானத்துக்குப் போகும் சாலையில் அவனுக்கு ஒரு கடை. சறுக்குக்கட்டை, பூட்ஸ், பனி உடை எல்லாம் வாடகைக்கு விடுவான். வருகிறவர்கள் காலில் பூட்ஸை மாட்டிவிட்டுக்கொண்டே, "ஏப்ரல்ல வாங்க. காலையில பனி, சாயங்காலம் கடல். நான் வருஷா வருஷம் போறேன், உடம்புக்கு அவ்வளவு நல்லது" என்பான். உண்மையில், சின்ன வயதில் ஒருமுறை கட்டையில் ஏறிப் பாதிரியார் மேல் போய் மோதியதோடு அவன் சறுக்கல் முடிந்துவிட்டது. கடலை அவன் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் மாதாவைக் கூப்பிடுகிற ஆள்.

இது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் பேச்சை நம்பி நாலு பேர் கூடுதலாக ஒரு நாள் தங்கினால் ஊருக்குத்தானே வரும்படி.

ஒடெத்துக்கு மட்டும் தெரியாது. கிழிந்த பனி உடைகளையும் ஜிப் போன பைகளையும் தைத்துக் கொடுக்க வதீஹின் கடைக்கு வருகிறவள் அவள். மலைக்கு அந்தப் பக்கம் ஸஹ்லேயில் வாழ்க்கைப்பட்டு, கணவன் இறந்தபின் எங்கள் ஊரில் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தவள். ஊசியும் நூலுமாக அவள் மூலையில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் வதீஹ் முகம் மழித்துக்கொண்டு கடைக்குப் போவதை நான் கவனித்தேன். எனக்கு மனதுக்குள் கொண்டாட்டம். கல்யாணமே வேண்டாமென்று ஐம்பது வயதைத் தாண்டியவன், மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பிடுவான். சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்பான். இவனை ஒருத்தி கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் என் சமையலறை எனக்கே எனக்கு.

ஒருவழியாகக் கேட்டுவிட்டான். ஒடெத் தையலை நிறுத்தவில்லை. அவள் சொன்னதை வந்து என்னிடம் ஒப்பித்தான்: "செத்துப்போன என் வீட்டுக்காரர் வாயில ஒரு வார்த்தை நிஜம் வந்ததில்ல. இன்னொரு பொய்யனுக்குச் சமைச்சுப்போட எனக்குத் தெம்பு கிடையாது. நீங்க வருஷா வருஷம் போறதா சொல்றீங்களே, அங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் பேசலாம்."

ஊரே பார்க்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான் மகராசன். பெய்ரூத் முழுக்க மலையேறி வருகிற நாள் அதுதான் என்பது, அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவனுக்கே தோன்றவில்லை. ஆணும் பெண்ணும் தனியாகப் போனால் நன்றாக இருக்காது என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றினார்கள். கடையை என் மகனிடம் விட்டோம். நான் கறி வைத்துப் பொரித்த கிப்பே உருண்டைகளும் ஃபிளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் பனி. குழந்தைகள் சறுக்கும் மேட்டில் வதீஹ் கட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச தூரம் நின்றபடி வந்தான், மீதி தூரம் உட்கார்ந்தபடி வந்தான். கீழே வந்து சேர்ந்ததும் இந்த வருஷத்துப் பனியே சரியில்லை என்றான். ஒடெத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு, இறங்குகிற எல்லோரையும் போல எங்கள் கார் முகப்பிலும் ஒரு பனிப்பொம்மை செய்து வைத்தான். கீழே ஊர்க்காரர்களிடம் காட்டாவிட்டால் மலைக்குப் போய் என்ன பயன்? கண்ணுக்கு இரண்டு ஆலிவ், கழுத்துக்கு என்னுடைய சிவப்பு மஃப்ளர். நான் சும்மா இருந்தேன், காரியம் பெரியது.

மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. முன்னால் கார், பின்னால் கார், ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பனிப்பொம்மை. கிப்பே தீர்ந்தது. காபி தீர்ந்தது. பக்கத்துக் காரில் ஒருவர் இறங்கிச் சாலையோரம் நாற்காலி போட்டு ஹூக்கா பற்றவைத்துவிட்டார். நகர்ந்தால் நாலடி, நின்றால் அரைமணி. பொம்மையின் கண் ஒன்று விழுந்தது, பிறகு தலை. தூரத்தில் ஜூனியே விரிகுடா நீலமாகத் தெரிந்தது. கிட்டே மட்டும் வரவில்லை. சூரியன் கடலைத் தொட்டபோது முகப்பில் என் மஃப்ளர் மட்டும் ஈரமாகக் கிடந்தது.

நெரிசல் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். வதீஹ் எஞ்சினை அணைத்தான்.

"ஒடெத், நான் ஒருதடவைகூடப் போனதில்ல. இன்னைக்கு ரோடு காலியா இருந்திருந்தா கரையில நின்னு வயித்துவலின்னு சொல்லியிருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் நிக்கர்கூட அக்கா மகனோடது."

பின்சீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் சமையலறை போயிற்று. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அது இல்லை. அவன் கழுத்து சிவந்துபோயிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக என் தம்பியை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

ஒடெத் இறங்கிப் போய் மஃப்ளரை எடுத்துப் பிழிந்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வண்டியத் திருப்புங்க" என்றாள். மேலே போகும் பாதை காலியாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள், மஃப்ளரையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

மறுநாள் காலை வதீஹ் சாப்பிடவில்லை, உப்பைப் பற்றியும் பேசவில்லை. பயந்துபோய் நானும் கூடவே கடைக்குப் போனேன். ஒடெத் எப்போதும்போல மூலையில் இருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளிநாட்டு இளம் தம்பதி ஒன்று பூட்ஸ் பார்க்க வந்தது. இங்கே காலையில் பனியிலும் மாலையில் கடலிலும் விளையாடலாமாமே, நிஜமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் காலடியில் மண்டியிட்டிருந்த வதீஹ் பூட்ஸ் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது வந்தும்மா..." என்று இழுத்தான்.

"நிஜம்தான்" என்றாள் ஒடெத், நூலைப் பல்லால் கடித்தபடி. "நேத்துதான் நாங்க போயிட்டு வந்தோம். தண்ணி கொஞ்சம் சில்லுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

அன்று மதியத்திலிருந்து என் வீட்டில் ஒரு தட்டு குறைந்தது.