பூச்சை என்றொரு தமிழ்ச் சொல்

காலையில் மீன்காரர் ஸ்கூட்டர் ஹார்னை அமுக்கியதும், கரமனையில் எங்கள் சந்திலுள்ள பூனைகளெல்லாம் மதிலிறங்கி வந்துவிடும். அவற்றில் சாம்பல் நிறத்தது ஒன்று எங்கள் அடுக்களை வாசலுக்கு வரும். குடிவந்த புதிதில் ஒருநாள் மீன்தலையைக் கையில் வைத்துக்கொண்டு, "பூச்சே, வா" என்று கூப்பிட்டேன். மாடியில் குடியிருக்கும் வீட்டு உரிமையாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "அய்யோ, நீ மலையாளம் நல்லோணம் பறயுந்நல்லோ! இத்ர வேகம் படிச்சோ?" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. இத்தனை சீக்கிரம் மலையாளம் படித்துவிட்டேனாம். நான் பேசியது என் தாய்மொழி. "இது தமிழாக்கும் சேச்சி" என்றேன். "தமிழில் பூனை அல்லே? சினிமயில் கேட்டிட்டொண்டல்லோ" என்று எனக்கே பாடம் நடத்திவிட்டு உள்ளே போனார்.

என் ஊர் தக்கலைக்குப் பக்கம். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். கடல் தாண்டிப் போனவர்கள், நான் என்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் எனக்குப் பின்னால் "ஆ பாண்டிச்சி" என்று, தமிழச்சி என்பதை வசவாக்கிப் பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழாது. சரி, இவர்கள்தான் வேற்று மொழிக்காரர்கள், நம் ஆட்கள் எப்படி என்று கேட்டால், அது இன்னும் கேவலம். என் கணவர் மதுரைப் பக்கத்துக்காரர், கட்டட மேஸ்திரி. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு அடுக்களைக்குள் பூனை புகுந்துவிட்டது. "அய்யோ, பூச்ச! பூச்சய வெரட்டுங்க!" என்று கத்தினேன். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏன்டா, மலையாளத்துக்காரியவா கட்டிட்டு வந்திருக்க?" என்றார் மாமியார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பூனை பாலைக் குடித்து முடித்துவிட்டது. எனக்கு நல்ல திருப்தி.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் வயிறெரிந்துபோய் நூலகத்தில் தமிழ் அகராதியைத் தேடிப் பார்த்தேன். பூசை என்றால் பூனை என்று போட்டிருக்கிறது. பழைய பாட்டுகளிலும் அந்தப் பெயர் உண்டாம். மற்ற ஊர்க்காரர்கள் அதைக் கைவிட்டுப் பூனையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் அது பூச்ச ஆனது, எங்கள் வாயில் பூச்சை ஆனது. விட்டவர்களுக்குச் சொந்தம், விடாமல் வைத்திருப்பவள் கடன் வாங்கியவளா? எங்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேருங்கள் என்று போராடி எங்கள் தாலுகாக்களில் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். தமிழுக்காகச் செத்த அவர்களும் வீட்டில் பூனையைப் பூச்சை என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

என் மகள் அபிஷாவுக்குப் பள்ளிக்கூடம் மலையாளம், கூட்டாளிகள் மலையாளம். அப்பா ஞாயிற்றுக்கிழமை தவிர வீட்டில் தங்குவதில்லை. அவளுடைய தமிழ் முழுவதும் என்னிடமிருந்து போனது. கடையில் நாள் முழுக்க நின்ற காலோடு வந்து, சோறு வெந்துகொண்டிருக்கும்போதே எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பு ஒரு ஞாயிறன்று குழந்தைகளுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்தபோது அவளே பெயர் கொடுத்தாள். மீன் திருடிய பூச்சையின் கதை. மேடையில் கையை ஆட்டி ஆட்டி அவள் சொல்லச் சொல்ல அரங்கமே சிரித்தது. பாதியில் நடுவர் மணியடித்தார்.

"பாப்பா, அருமையா பேசுற. ஆனா பூச்சைங்கிறது மலையாளம். நாம தமிழங்க, கலப்படம் இல்லாம பேசணும். எங்க சொல்லு, பூனை."

குழந்தை என்னைப் பார்த்தாள். பிறகு, "பூனை" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவளுக்குக் கதை வரவில்லை. மீன் கூடையிலேயே கிடக்க, இறங்கி வந்துவிட்டாள்.

நான் நேரே நடுவரிடம் போனேன். "சார், அது எங்க அம்மை சொன்ன தமிழாக்கும்."

"வட்டார வழக்கும்மா. தப்புன்னு சொல்லல. வீட்டுக்குள்ள வச்சுக்கங்க."

"எந்த வீட்டுக்குள்ள? இங்க பேசினா மலையாளம் படிச்சிட்டியாங்கா. மதுரையில பேசினா மலையாளத்துக்காரிங்கான். நீங்களும் வெளிய வைக்கிய. பிள்ள எங்க போய்ப் பேசும்?"

என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடு புள்ள, ஒரு வார்த்தைக்குப் போயி." ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையோடு என் மகள் வாயை மூடிக்கொண்டாள். பஸ்ஸில் நான் என்ன கேட்டும் பதில் மலையாளத்திலேயே வந்தது. "எனிக்கு தமிழ் வேண்டம்மே. எல்லாரும் களியாக்கும்." கேலி செய்வார்களாம். 

மறுநாள் காலை ஹார்ன் சத்தம் கேட்டது. சாம்பல் பூனை மதிலில் வந்து நின்றது. மீன்தலையை அபிஷாவின் கையில் கொடுத்து, "கூப்பிடு மக்களே" என்று கொஞ்சலாகச் சொன்னேன். அவள் மாடியைப் பார்த்தாள், வேலைக்குக் கிளம்ப உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கேட், கம்" என்று இங்கிலீஷில் கூப்பிட்டாள். பூனை அசையவில்லை. மீன்தலையைப் படியில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், மாடியும் தெருவும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து, "பூச்சே, வா!" என்று கூப்பிட்டேன். பூச்சை குதித்து ஓடி வந்தது. மகள் நின்ற இடத்திலேயே நின்றாள்.