அண்ணியின் குதிங்கால்

பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. நூறு மீட்டருக்குக் கூடிய கூட்டம் எங்கள் பந்தயம் தொடங்கியதும் டீ குடிக்கக் கிளம்பிவிடும். இருபத்தைந்து சுற்று, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சுற்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே ஓடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. யார் முன்னால் போவது, யாரை ஒட்டிக்கொண்டு வருவது, எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினால் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் போகிறவள் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்கிறாள். பின்னால் வருகிறவள் அவள் முதுகில் சுகமாகக் குளிர்காய்ந்துவிட்டு, கடைசிச் சுற்றில் தாண்டிப் போய்விடுகிறாள். இதற்குத் தந்திரம் என்று பெயர். எனக்கு வெகுநாள் வரை இது திருட்டு என்றுதான் பட்டது.

ஏனென்றால் அந்தக் கடைசி நேரப் பாய்ச்சல் எனக்கு வரவே இல்லை. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுவேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் முதலிடத்தை மறந்துவிட்டு நேரத்தைத் துரத்த வேண்டியதுதான். அந்த வருடம் இந்திய அணிக்கு ஒரு தகுதி நேரம் வைத்திருந்தார்கள். அதற்குள் ஓடி முடித்தால் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. அதற்கான வயது வரம்பும் எனக்கு அந்த வருடத்தோடு முடிந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்த்தான் என்னை ஓடவிட்டிருந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் நானும் அதே வரப்பில் போய் நிற்க வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் விரும்பவில்லை.

முன்னால் ஓடி எனக்கு வேகம் பிடித்துக் கொடுத்தவள் அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவளும் ஓடுகிறவள்தான். வயதில் என்னைவிடச் சின்னவள், முறைக்கு அண்ணி. அந்த முறையை வைத்துக்கொண்டு என்னை அவள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. உண்மையில் என்னைவிட நன்றாக ஓடுவாள். கடைசிச் சுற்றில் எனக்கு இல்லாதது அவளிடம் இருந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு வலி வந்து நிலைத்துவிட்டது. பாதி தூரத்துக்கு மேல் ஓடினால் கால் தரையில் ஊன்றாது. "எனக்குப் பாதிதான், மீதி உனக்கு" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அவளுடைய ஆசை அன்றோடு முடிந்தது என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

உத்திரமேரூர் ஏரிக்கரைமேல்தான் பயிற்சி. ரோட்டில் ஓட முடியாது, ஜல்லி லாரிகள் வரிசை கட்டி வரும், வாய் நிறையப் புழுதி. மதகிலிருந்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வரைக்கும் ஓடுவோம். அண்ணி முன்னால், நான் பின்னால். கலங்கல் வந்ததும் அவள் இடதுபக்கப் புல்சரிவில் இறங்கி நிற்பாள், நானும் இறங்குவேன். மூச்சு அடங்கியதும் மறுபடி. மழை, பனி, கோடை என்று பார்க்காமல் இதையே செய்தோம். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அண்ணன் கரைமேல் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தினி வாட்டிதான் போயிக்கினு வந்துக்கினு இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவான்.

"என் குதிங்கால பாத்துக்கினே வா," என்பாள் அண்ணி. "வேற இன்னாத்தையும் பாக்காத. போர்டு, மணி, பின்னால வர்றவ, ஒண்ணும் உனக்கு வாணாம். கணக்கெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் சொன்னது சரிதான். ஓடும்போது யோசிப்பதற்கும் பலம் செலவாகிறது. நான் யோசிப்பதை விட்டேன். அவளுடைய செருப்புத் தழும்பு விழுந்த குதிங்கால் மேலே போய்க் கீழே வருவதை மட்டும் பார்த்தேன். எதிர்க்காற்று அவளுக்கு, நிழல் எனக்கு. நான் திருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவள் விரும்பி எனக்குத் தானம் செய்தாள்.

வடக்கே ஒரு நகரத்தில் தேசியப் போட்டி. அண்ணியும் பெயர் கொடுத்தாள். பாதியில் விலகுவதற்கென்றே ஓடுவது விதிக்கு விரோதமில்லை. ஓட்டத்துக்கு முன்னால் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"பதினஞ்சாவது சுத்து முடிஞ்சதும் நான் உள்பக்கம் எறங்கிருவேன். நீ போயிக்கினே இரு. இன்னா?"

"தெரியும் அண்ணி. எத்தினி வாட்டி சொல்லுவ?"

தெரியும் என்று சொன்னது நான்தான். அது பொய்யும் இல்லை.

அன்று அவள் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எங்களை ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக அறுந்து விழுந்தார்கள். அவர்களுடைய காலடிச் சத்தம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் எங்கள் இருவரின் சத்தம் மட்டும் மிஞ்சியது. எனக்கு வலி இல்லை என்று சொல்ல மாட்டேன். வலி இருந்தது, பயம் இல்லை. முன்னால் குதிங்கால் இருந்தது.

அது இடதுபக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன்.

புல்லில் கால் பட்டதும்தான் விழித்தேன். அண்ணி நின்று திரும்பினாள். நான் அவளுக்கு எதிரே மைதானத்தின் உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் என்னைப் பிடித்துத் தள்ளினாள். நான் மறுபடி ஓடுபாதையில் ஏறி மீதிச் சுற்றுகளை ஓடினேன். அழுதுகொண்டே ஓடினேன், தகுதி நேரத்துக்கு உள்ளேதான் முடித்தேன். ஆனால் பாதையை விட்டுத் தானாக இறங்கியவள் திரும்ப ஏறினால் அது கணக்கில் சேராது. முடிவுப் பலகையில் என் பெயருக்கு நேராகத் தகுதி நீக்கம் என்று வந்தது.

எங்கள் மாநில அணியோடு வந்திருந்த அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஒரு ஆடு திரும்பினா மந்தையே திரும்புமே, அந்த மாதிரியாம்மா?"

"ஆடு இருவத்தஞ்சு சுத்து ஓடாது சார்," என்றேன். அதற்குமேல் பேசினால் வாயில் வேறு வார்த்தைகள் வந்திருக்கும்.

நான் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை என்று நினைத்த ஒரே ஆள் அம்மா. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ ஏறிட்டா நீயும் ஏறத்தானே வேணும்?" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு புரிந்தது. எங்கள் பக்கம் நடவில் பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து பின்னாலேயே நகர்வார்கள். ஓரத்தில் நிற்பவள்தான் வேகம் வைப்பாள். யாரும் அவளை முந்துவதில்லை. பின்தங்குகிறவளின் பங்கைப் பக்கத்தில் இருப்பவள் சேர்த்து நட்டுவிடுவாள். ஓரத்துக்காரி வரப்பில் ஏறினால் மொத்த வரிசையும் ஏறும். "ஒருத்தி மட்டும் சேத்துல நின்னுக்கினு இருந்தா நல்லாவா கீது?" என்றாள் அம்மா. நானும் அண்ணியும் பள்ளிக்கூட லீவிலெல்லாம் அந்த வரிசையில் குனிந்தவர்கள்தான். அம்மாவின் நியாயத்தைக் கேட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

அண்ணியின் எலும்பில் விரிசல் விட்டிருந்தது. காஞ்சிபுரத்தில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் இனிமேல் ஓடவே கூடாது என்றார். அதிலிருந்து அவள் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் ஏரிக்கரைக்குக் கிளம்பும்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள், தலை நிமிர மாட்டாள். திரும்பி வந்தால் கூழ் கரைத்து வைத்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். தன் காலையே கொடுத்து வாங்கித் தந்ததை நான் புல்லில் போட்டுவிட்டேன் என்று கோபம், வேறென்ன? அண்ணனிடம் சொன்னேன். "அவளுக்கு உம்மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, வுடு," என்றான். நான் நம்பவில்லை. கோபம் இல்லாதவள் எதற்கு முகத்தைத் திருப்ப வேண்டும்?

தனியாக ஓடுவது பேஜாராக இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒருநாள் தொடக்கத்திலேயே வேகமாகப் போய் நடுவில் செத்தேன். மறுநாள் பயந்து மெதுவாகப் போய் நேரத்தைத் தொலைத்தேன். கலங்கல் வந்தால் கால் தானாக இடதுபக்கம் இழுக்கும். அந்தக் காலை எனக்கு வெட்டிப்போடலாம் போல இருக்கும். கலங்கலில் நிற்கவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதைத் தாண்டி, கரை முடிந்து, வயலுக்கு நடுவே போகும் மண்பாதையில் இறங்கி அடுத்த ஊர் வரைக்கும் ஓடிவிட்டுத்தான் திரும்பினேன். வேகத்தை மூச்சில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சந்தோஷமாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இந்திய அணிப் பட்டியல் முடிவாவதற்குள் ஒரே ஒரு பந்தயம் பாக்கி இருந்தது, சென்னையில். அண்ணியும் கிளம்பினாள். நான் கூப்பிடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் வழி முழுக்க, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டதோடு சரி. மைதானத்தில் நான் பாட்டுக்கு உடம்பைச் சூடேற்றப் போனேன். தொடக்கக் கோட்டில் நின்றபடி பார்வையாளர் பக்கம் பார்த்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள், சுவரைப் பார்த்தபடி. எனக்கு அவள் முதுகும் பின்னலும்தான் தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்து முதுகைக் காட்டுகிறாளே என்று எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் ஓடத் தொடங்கினேன்.

முதல் சில சுற்று யாரும் முன்னால் போகவில்லை. எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மந்தமாக ஓடினார்கள். நேரம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. யாராவது வேகம் வைப்பார்கள் என்று காத்திருந்தால் வேலையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் வெளியே வந்து முன்னால் போனேன். எதிர்க்காற்று முழுசாக என் நெஞ்சில் அடித்தது. இதையா அண்ணி இத்தனை நாள் எனக்காக வாங்கினாள் என்று நினைத்தேன். கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. என் பின்னால் ஒருத்தி, மேற்கேயிருந்து வந்த உயரமான பெண், நிழல்போல ஒட்டிக்கொண்டாள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், அவள் விட்டுப் போகவில்லை. சரி, வந்துவிட்டுப் போ என்று விட்டேன்.

பதினைந்தாவது சுற்று முடியும் இடம் வந்தது. இடதுகால் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சுற்றிலிருந்து வேகத்தைக் கூட்டினேன். அப்புறம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. கடைசி வளைவில் அந்த உயரமான பெண் என்னைத் தாண்டிப் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வருத்தப்படவும் நேரமில்லை. கோட்டைத் தாண்டி விழுந்தேன். அவள் வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிக் கட்டிக்கொண்டாள். பலகையில் இருவருக்குமே தகுதி நேரத்துக்கு உள்ளே காட்டியது.

நான் படியேறிப் போனேன். அங்கங்கே இருந்த சிலர் எழுந்து கைதட்டினார்கள். அண்ணி மட்டும் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தோளைத் தொட்டேன்.

"முடிச்சிட்டியா?" என்றாள், திரும்பாமலே.

"முடிச்சிட்டேன்."

"நேரம்?"

"உள்ளதான் கீது அண்ணி."

அவள் முதுகு ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

"ஏன் அண்ணி திரும்பி உக்காந்துக்கினு இருந்த? எம்மேல கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கு?" என்றாள். "நான் நேரா உக்காந்தா ஒவ்வொரு சுத்துக்கும் என்னயே தேடுவ. கரைக்கு வந்தா என் காலத்தான் பாப்ப. நான் இல்லாமயே ஓடி பழகட்டும்னுதான் வுட்டேன்."

அப்போதுதான் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கீழே பாதையில் அடுத்த பந்தயத்துக்குத் தடைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சநேரம் அதைப் பார்த்தாள்.

"எப்படி ஓடின, சொல்லு. நான் ஒண்ணும் பாக்கல."

பக்கத்தில் உட்கார்ந்து முதல் சுற்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பதினைந்தாவது வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.