“அவர் கோர்ட்டுல இருக்காரு”

ஸ்லைகோ என்ற கடலோர ஊரில் பஸ் ஓட்டும் ஃபின்டன் மல்வி வாய் ஓயாத மனிதன். ஏறுகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தூரத்தில் யாராவது ஓடிவந்தால் கதவை மூடாமல் காத்திருந்து, “மெதுவா வாங்க, கடல் எங்கயும் போயிடாது” என்பான். அப்பேர்ப்பட்டவன் போன குளிர்காலம் முழுக்க உம்மென்று வண்டி ஓட்டினான்.

காரணம், ஏழு வயது மகள் ஓர்லா. அவனும் டெர்வ்லாவும் பிரிந்தபின், டெர்வ்லாவுக்குத் தூரத்தில் பலினா ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோய்விட்டாள். சனிக்கிழமை மதியம் அழைத்துப்போய் சாயங்காலம் கொண்டுவிட வேண்டும் என்று ஒரு தற்காலிக ஏற்பாடு. பாதி நேரம் ரோட்டிலேயே போய்விடும். மழை விடாத நாட்களில் அப்பனும் மகளும் காருக்குள் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். ஒரு சனிக்கிழமை ஓர்லா, “அப்பா, உன் வீட்ல எனக்குன்னு ஒரு கட்டில் இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அதில் அவள் படுத்து வருஷமாகப் போகிறது என்பதைச் சொல்லவில்லை.

வார இறுதியில் மகள் தன் வீட்டில் தங்க வேண்டும். கோர்ட்டில் அவன் கேட்டது அவ்வளவுதான். கியர்னன் என்ற வக்கீலைப் பிடித்தான். முதல் நாள் அவர் தோளில் தட்டி, “இதெல்லாம் சாதாரண கேஸ், நிம்மதியாப் போங்க” என்று அனுப்பிவைத்தார். அதற்கப்புறம் ஆள் அகப்படவே இல்லை. எப்போது போன் போட்டாலும் அலுவலகத்தில் ஜெரால்டீன் என்ற பெண்தான் எடுப்பாள். “அவர் கோர்ட்டுல இருக்காரு. வந்ததும் சொல்றேன்.” மின்னஞ்சல்களும் கிணற்றில் போட்ட கல்தான். ஒரே ஒரு தடவை கியர்னன் தானாகக் கூப்பிட்டார். ஃபின்டன் அப்போது நிறைந்த பஸ்ஸோடு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்திவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டால், கோர்ட்டுக்குப் போய்விட்டாராம்.

உள்ளூர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் பிரைடி தினமும் முன் சீட்டில் உட்காருவாள். “உன் வக்கீல் மாதிரி நீ பஸ் ஓட்டியிருந்தா, நாங்கல்லாம் போன வருஷத்துலேர்ந்து ஸ்டாப்லயே நின்னுட்டிருப்போம்,” என்றாள். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். ஆனால் கேஸ் ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போயிருந்தது. இப்படியே போனால், அப்பனுக்கு அக்கறையில்லை என்று நீதிபதி நினைத்துவிட மாட்டாரா?

மார்ச்சில் மறுபடி வாய்தா வந்தது. டையைக் கட்டிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நின்றான். கியர்னனைக் காணோம். அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

“அவர் கோர்ட்டுல இருக்காரு,” என்றாள் ஜெரால்டீன்.

“நான் கோர்ட்டுலதாம்மா நிக்கறேன். இங்க அவரில்ல.”

அவள் தாழ்ந்த குரலில், “எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, ஃபின்டன்,” என்றாள். அவள்மேல் கோபப்பட அவனுக்கு மனம் வரவில்லை.

கேஸ் மறுபடி தள்ளிப்போனது. வெளியே வந்தால், வாசலில் டெர்வ்லா நெருப்பாக நின்றாள்.

“இன்னும் எத்தனை நாள் இழுக்கப்போற? ஒவ்வொரு தடவையும் நான் லீவு போட்டுட்டு வரணுமா?”

“நானா இழுக்கறேன்? ராத்திரி தங்க விடமாட்டேன்னு சொல்றது நீதானே!”

“யாரு சொன்னா? மாசத்துல ரெண்டு வாரக் கடைசி உன்கூடவே இருக்கட்டும்னு கிறிஸ்மஸுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. என் வக்கீல் உன் வக்கீலை மூணு தடவை கேட்டுட்டாங்க. உன் பக்கத்துலேர்ந்து ஒரு பதில் உண்டா?”

அவன் முகத்தில் இருந்த திகைப்பைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது.

“உனக்குத் தெரியவே தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது.”

“அட கடவுளே. உனக்கு நாங்க வேண்டாம்போலன்னு நெனச்சுட்டேன், ஃபின்டன். நீ திமிர்லதான் சும்மா இருக்கன்னு.”

எதிரே இருந்த கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு நின்றபடியே குடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் சண்டை போடாமல் பேசியது அன்றுதான்.

அங்கிருந்து நேராகக் கியர்னன் அலுவலகத்துக்குப் போனான். அவர் பின்வாசல் வழியாகக் காரில் ஏறப்போனார்.

“அடடே, உங்களைத்தான் கூப்பிடணும்னு நெனச்சிட்டே இருந்தேன்!”

“நீங்க நெனச்சது எனக்குக் கேக்கல. என் கேஸ் கட்டைக் குடுத்துடுங்க. இன்னையோட போதும்.”

ஃபின்டனுடைய கண்களைப் பார்த்துவிட்டுக் கியர்னன் உள்ளே போய்க் கட்டை எடுத்துவந்தார். வேலைப்பளு என்றார், உடம்பு சரியில்லை என்றார். இருக்கலாம். “முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளைப் பாத்திருப்பேன். என் பொண்ணு ஒரு வருஷம் காத்திருக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு வந்தான். நடந்ததை வக்கீல்களை விசாரிக்கும் ஆணையத்துக்கும் எழுதிப்போட்டான்.

பிறகு அவனும் டெர்வ்லாவுமாகச் சேர்ந்து சமரச மையத்துக்குப் போனார்கள். அங்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. கோடை விடுமுறையை எப்படிப் பிரிப்பது என்பதில் டெர்வ்லா எழுந்தே போய்விட்டாள். ஓர்லாவுக்குப் பேன் எடுப்பது யார் என்று ஒரு முழுச் சண்டை. ஆனாலும், கேட்ட கேள்விக்கு எதிரே இருப்பவர் உடனே பதில் சொல்கிறார் என்பதே ஃபின்டனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மே மாதம் இருவரும் ஒத்துக்கொண்டதை நீதிபதியிடம் கொடுத்தார்கள். அவர் படித்துப் பார்த்து, “குழந்தைக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

“அவதான் முதல்ல சம்மதிச்சா,” என்றாள் டெர்வ்லா. நீதிபதி சிரித்துக்கொண்டே அதை உத்தரவாக்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஓர்லா ஒரு பெரிய பையோடும், கேமோகி விளையாடும் மட்டையோடும், மூன்று கரடிப் பொம்மைகளோடும் வந்து இறங்கினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலில் ஏறி இரண்டு குதி குதித்தாள்.

“கால் இடிக்குதுப்பா. நான் வளந்துட்டேன். வேற வாங்கணும்.”

“நாளைக்கே போலாம்,” என்றான் ஃபின்டன்.