கோட்டும் தொப்பியும்

பட்டாபிராம் மின்சார ரயிலில் தினமும் காலையில் ஒருவர் என் எதிரே உட்காருவார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, மடியில் டிபன் பாக்ஸ். அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது எங்கள் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

தபால்வழிக் கல்வியில் நான் படித்த அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு படம். பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தவர்கள் இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒருநாள் காலை அவர் அதை எட்டிப் பார்த்தார்.

“ரொட்டிக்கு நிக்கிறவன் எதுக்கு சார் கோட்டு, தொப்பியெல்லாம் போட்டுகினு கீறான்?”

“குளிரா இருந்திருக்கும்.”

“அதில்ல சார். ஊட்ல சொல்லியிருக்க மாட்டான்.”

அன்று மாலை அம்பத்தூர் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். யாருடைய சைக்கிள் செயினிலோ விரலைத் தேய்த்து, அந்தக் கறுப்பைத் தன் சட்டையில் பூசிக்கொண்டிருந்தார். பிறகு ரயிலேறி என் எதிரே உட்கார்ந்து, “இன்னிக்கு வேல ஜாஸ்தி சார்” என்றார்.

வீட்டில் சொல்லப்போவதை என்னிடம் சொல்லிப் பார்த்தாரா, இன்றும் தெரியவில்லை.