ஷட்டவுன் நாளில் அத்தை பாடினாள்

போன வாரம் பெரியப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். இருபது வயதுப் பெண் ஒருத்தி கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டைப் பாடுகிறாள். கீழே பெரியப்பா எழுதியிருந்தார்: 'சொந்தமா எழுதிப் பாடுது. தைரியமான புள்ள. நம்ம ஊட்டுப் புள்ளைகளும் இப்படி வரோணும்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதில் ஒரு ஜோடி என் அப்பாவுடையது.

நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் கெட்ட வார்த்தையில்தான் போட்டிருப்பேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சோமனூருக்குப் பக்கத்தில். வீட்டை ஒட்டிய குடோனில் பன்னிரண்டு விசைத்தறிகள். அப்பாவும் பெரியப்பாவும் கூலிக்குத் துணி நெய்து கொடுத்தார்கள். தறிகள் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடும். அந்தச் சத்தத்திலேயே சாப்பிட்டு, அந்தச் சத்தத்திலேயே படித்து, அதிலேயே தூங்கினோம். தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். துணிக்குக் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தறிக்குக் கொடுப்பதற்குப் பெயர் தார் சுற்றுவது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே வேலை. சுற்றிக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். தறி அடிக்கும் அடிதான் தாளம். தொண்டை கிழியப் பாடினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. உதடு அசைவதை மட்டும் பார்த்துவிட்டு அம்மா, "என்னத்த மென்னுட்டே இருக்கற?" என்று கேட்பாள்.

பாட்டை நோட்டில் எழுதமாட்டாள். நோட்டு என்றால் எவர் கையிலாவது சிக்கும். எல்லாம் மனதுக்குள்தான்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு மெல்லிசைக் குழுக்காரர் அவளைக் கோயில் நோம்பித் திருவிழாவில் பாடக் கூப்பிட்டாராம். சினிமாப் பாட்டு மட்டும்தான் பாட வேண்டும் என்றாராம். பிறகு ஒரு டிவி போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறாள். சொந்தப் பாட்டைப் பாடியதும், எந்தப் படம் என்று கேட்டார்கள். நான் எழுதினது என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இதை அத்தை சிரித்துக்கொண்டேதான் எனக்குச் சொன்னாள். சிரிக்கிற விஷயம் போல என்று நானும் சிரித்தேன்.

மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தும். மாலை ஐந்து மணிக்குத்தான் வரும். அந்த நாளை ஷட்டவுன் என்போம். தறிக்காரர்களுக்கு விடுமுறை என்றால் அதுதான். முடி வெட்டுவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, காது கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். அத்தை அன்றைக்குப் பாட்டுப் பதிவு செய்வாள்.

முந்தைய நாளே செல்போனில் முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிடுவாள். குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்துவோம். நான் அவள் வாய்க்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பேன். தறி ஓடாததால் தாளம் இருக்காது. காலித் தார்க்குச்சிகள் இரண்டை எடுத்துத் தறி மரத்தில் தட்டிக்கொண்டே பாடுவாள். இணையத்தில் சேனல் ஆரம்பித்துப் பாட்டுகளை ஏற்றியது நான். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் போன் விவரம் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஐந்து ஷட்டவுனில் ஐந்து பாட்டு. மூன்றாவது பாட்டு எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதில் இரண்டு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது:

தறி நின்ன நேரத்துல என் பேரு எனக்குக் கேட்டுச்சு,
கரண்டு வந்தாப் போயிருமே, சீக்கிரமாக் கூப்பிடு.

அந்தப் பாட்டின் கீழே ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். சொந்தமாகப் பாட்டுப் பதிவுக்கூடம் வைத்திருப்பவள். இது நீங்களே எழுதியதா, ஆறு பாட்டு இருந்தால் ஒரு தொகுப்பாகவே கொண்டுவரலாம், எனக்கு எழுதுங்கள் என்று சொல்லி மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தாள். அத்தை என்னை நாலு தடவை அதைப் படிக்கச் சொன்னாள்.

"இப்பவே எழுதுங்கத்தை," என்றேன்.

"ஆறாவதையும் புடிச்சுட்டு எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பறேன் கண்ணு. அஞ்சோட போய் நின்னா அரைகொறைன்னு நெனப்பாங்க."

அடுத்த ஷட்டவுனுக்குப் பத்து நாள் இருந்தது. முகவரியை அவள் தனியாக எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பாட்டின் கீழேயே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருப்பாள்.

அதே ஷட்டவுன் நாளில்தான் பல்லடத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. கோழிப்பண்ணைக் குடும்பம். தறி ஓடாத நாளில்தானே பேசினால் காதில் விழும். பகல் மூன்று மணிக்குள் அவர்கள் போய்விடுவார்கள், ஐந்து மணிக்குத்தான் கரண்டு வரும், இடையில் இரண்டு மணி நேரம் போதும் என்று அத்தை என்னிடம் மட்டும் கணக்குச் சொன்னாள்.

அன்று காலை அம்மா அத்தையைப் பூ வாங்கச் சோமனூருக்கு அழைத்துப்போனாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள் அத்தை. நான் வாசலில் உட்கார்ந்து கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா கொஞ்சம் தள்ளித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கண்ணு, அத்தை பாட்டையெல்லாம் நீதான் ஏத்துனியாமா?"

"ஆமாங்க பெரியப்பா."

"கெட்டிக்காரிதான். எறக்கவும் தெரியுமா?"

தெரியும் என்றேன். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார்.

"நேத்து தரகர் போன் பண்ணுனாரு. மாப்பிள்ளையோட அம்மா அந்தப் பாட்டைக் கேட்டுப்போட்டாங்களாம். கொரலு நல்லாத்தான் இருக்குதுங்க, சினிமாப் பாட்டுப் பாடுனா எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, ஆனா இது அந்தப் புள்ளையே எழுதுனதாமே, சீக்கிரமாக் கூப்பிடுன்னு ஆரைக் கூப்பிடச் சொல்லுதுங்கன்னு கேட்டாங்களாம். தரகருக்குப் பதில் தெரியல. எனக்குந் தெரியல."

"வந்து கேட்டா என்னங்கண்ணா சொல்றது?" என்றார் அப்பா.

"பாட்டே இல்லீன்னா கேள்வியும் இல்லீல்ல." பெரியப்பா என் தலையைத் தடவினார். "எடுத்துப்போடு அம்மிணி. எங்கியும் ஒண்ணும் இருக்கக்கூடாது. இந்த ஊட்ல உனக்குத்தான் அந்த வெவரம்."

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவோம், குழந்தையைக்கூட அதட்டமாட்டோம். உண்மைதான். அன்றைக்கு எவரும் என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அழுதுகொண்டு அத்தையிடம் ஓடியிருப்பேன். தலையைத் தடவியதால் செய்தேன்.

நன்றாகவே செய்தேன். பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் சேனலையே அழித்தேன். உறுதியாகத்தானா என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்று அழுத்தினேன். எங்கும் இருக்கக்கூடாது என்றாரே என்று போனுக்குள் இருந்த ஐந்தையும் அழித்தேன். அழித்தவை ஒரு குப்பைத்தொட்டிப் படத்துக்குள் கிடந்தன. அதையும் காலி செய்துவிட்டு, "சுத்தமாயிருச்சுங்க பெரியப்பா," என்றேன். பெரியப்பா அப்பாவிடம், "பாத்தியா உம்மவள," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். பேச்சு நன்றாகக் காதில் விழுந்தது. பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

அத்தை பட்டுப்புடவையோடு நேராக என்னிடம் வந்து, "வா வா, நேரமில்ல," என்று குடோனுக்கு இழுத்துப்போனாள். கதவைச் சாத்தினாள். தார்க்குச்சிகளைக் கையில் எடுத்தாள். பாடுவதற்கு முன் அந்தச் சென்னைக்காரி எழுதியதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் தேடினாள்.

"காணமே கண்ணு."

"நாந்தானுங்கத்தை எடுத்தேன். பெரியப்பா எடுக்கச் சொன்னாங்க."

"அப்பன்?"

"அப்பாவும் அங்கதான் இருந்தாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான். குப்பைத்தொட்டியக்கூட."

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தார்க்குச்சிகளைக் கூடையில் போட்டுவிட்டுத் தறிப் பலகையில் உட்கார்ந்தாள். அங்கேயே ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். கரண்டு வந்ததும் பெரியப்பா மோட்டாரைப் போட்டார். அத்தை ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

பிறகு சில நாள் அந்தச் சென்னைக்காரியைத் தேடினாள். பெயர் மட்டும் நினைவிருந்தது. அந்தப் பெயரில் சென்னையில் தெருவுக்கு ஒருத்தி இருப்பாள். அதற்குள் நிச்சயம் முடிந்து, போன் அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

பல்லடத்தில் பெரிய மண்டபத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்கால வரவேற்புக்கு ஈரோட்டிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைத்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டுச் செலவில். பாடியவள் அத்தை வயதுப் பெண். எல்லாம் சினிமாப் பாட்டு. மாப்பிள்ளையின் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா மேடையேறி அந்தப் பெண்ணுக்குச் சால்வை போர்த்தி, மைக்கை வாங்கி, "பொம்பளப் புள்ளைக்கு இப்படி ஒரு தெறமை கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அலங்கார நாற்காலியிலிருந்து அத்தை என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். காதோடு சொன்னாள்.

"அந்த அக்காகிட்டப் போயி, சொந்தப் பாட்டு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டு வா."

ஓடினேன். அந்தப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பிக் கல்யாணப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஏழு இருக்குதுன்னு சொல்லு," என்றாள்.

திரும்பி ஓடி வந்து அத்தையிடம் ஏழு என்றேன். அத்தை அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தபடியே, "எனக்கு ஆறு," என்றாள். கண் கலங்கியிருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ போட்டி நடக்கிறது, அதில் எங்கள் அத்தை ஒன்று வித்தியாசத்தில் தோற்றுவிட்டாள், அதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"உடுங்கத்தை, ஒண்ணுதான கம்மி," என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன்.