முதலில் அழிக்க வேண்டுமாம்

கழிப்பறைக்குக் கதவு போட என் மகளின் பதிவை எதற்காக அழிக்க வேண்டும்? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

பள்ளிக் கழிப்பறையின் கதவு உடைந்து மாதக்கணக்காகிறது. பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. ஒன்பதாவது படிக்கும் மகளும் தோழிகளும் என் கைபேசியிலிருந்து எம்.எல்.ஏ.வின் பேஸ்புக் பக்கத்தில் அதை எழுதினார்கள்.

மறுநாளே அந்தப் பக்கத்தைக் கவனிப்பவர் கோவில்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கசங்காத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பேசிக்கொண்டே எம்.எல்.ஏ.வின் படங்களுக்கு லைக் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத எடுத்துடுங்க தங்கச்சி. நாளைக்கே கதவு வந்துடும்."

"கதவு வந்ததும் எடுத்துடுறோம்ண்ணே."

"அப்பறம் நாங்க பயந்துகிட்டு போட்ட மாதிரி ஆயிடும்ல? உங்க வீட்டுக்காரர் கவர்மெண்ட் வேலைதானே?" சிரித்தபடியேதான் கேட்டார்.

உள்ளேயிருந்து மகள், "அங்கிள், உங்க ஆபீஸ் பாத்ரூமுக்குக் கதவு இருக்கா?" என்றாள்.

"இருக்கு பாப்பா," என்றார், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

பதிவு இருக்கிறது, கதவு வரவில்லை. அழித்தால் பிள்ளைகள் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் இனி யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். அழிக்காவிட்டால் கணவரின் வேலையை நினைத்துப் பயமாக இருக்கிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.