எழுந்து நின்றவர்

படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் ‘உஷ் அக்கா’. பறவைத் தீவைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணிகளை, படகேற்றும் முன் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பாடம் எடுப்பது அவள் வேலை. வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட ‘உஷ்’ என்பாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். அதில் பாதி உண்மை.

டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை, இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் சோப்புத் தண்ணீர்த் தொட்டியும் பிரஷும். செருப்பைத் தேய்த்துக் கழுவாமல் ஒருவரும் உள்ளே வர முடியாது. மண்ணோடு ஒரு விதை ஒட்டிப்போனாலும் தீவு முழுக்கக் களை மண்டிவிடும். பையையும் கவிழ்த்துக் காட்ட வேண்டும். “ஏர்போர்ட்லகூட இப்படிப் பாக்கலையேம்மா” என்று முகம் சுளிப்பவர்களிடம், “ஏர்போர்ட்ல யாரும் தரையில முட்டை போடறதில்லைங்க” என்பாள்.

தீவில் இருப்பவை ஆலாப் பறவைகள். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வெறும் மணலில் முட்டையிடும். கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப்பக்கம் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் பார்க்கலாம். அவற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கி, கழுத்துகள் நிமிர்ந்தால், பறக்கப்போகின்றன என்று அர்த்தம். அவள் கை காட்டுவாள். எல்லோரும் குனிந்தபடியே பின்வாங்க வேண்டும்.

பாடத்தின் கடைசியில் ஒரு கதை. “மூணு வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் பேச்சைக் கேக்காம எழுந்து நின்னுட்டாரு. அத்தனை பறவையும் எழும்பிடுச்சு. கடற்காகங்க வந்து நாப்பது கூட்டு முட்டையைக் கொத்திட்டுப் போயிடுச்சு.” கூட்டம் ‘உச்’ கொட்டும். அதற்குப் பிறகு யாரும் வாலாட்ட மாட்டார்கள். அவ்வளவு நன்றாக வேலை செய்தது அந்தப் பொய்.

நடந்தது வேறு. அன்று பறவைகளின் இரைச்சல் அடங்கியதை அவள் கேட்டாள், கழுத்துகள் நிமிர்ந்ததையும் பார்த்தாள். ஆனால் வந்திருந்த கூட்டம் அவள் எது சொன்னாலும் சிரிக்கிற கூட்டம். அவளும் குசுகுசுவென்று தன் வீரப் பிரதாபங்களை அளந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரே நிமிடம் என்று கை காட்டாமல் விட்டாள். அந்த நேரம் பார்த்து மூட்டுவலிக்காரரான ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் காலை உதறிக்கொண்டு எழுந்தார். எப்படியும் பறக்கப்போகிற பறவைகள் அத்தனையும் எழும்பிவிட்டன. “எழுந்திரிக்காதீங்கன்னு எத்தனை தடவைங்க சொன்னேன்!” என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். ஆபீசுக்கும் அப்படியே எழுதிக்கொடுத்தாள். அந்த மனிதர் படகில் கரை சேரும்வரை கும்பிட்டுக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்லப் பொய் பழகிவிடும் என்று நினைத்தாள். மூன்று வருடமாகியும் பழகவில்லை.

இந்த வருடம் ஒரு நாள், கதை முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பக்கத்தில் மனைவி.

“அந்தப் பெரியவர் நான்தாங்க” என்றார். “நான் தீவுல இறங்க மாட்டேம்மா. படகுலயே உக்காந்துக்கறேன். இவ மட்டும் பாத்துட்டு வரட்டும். ரொம்ப நாள் ஆசை.”

“அன்னையிலேருந்து இவரு முட்டையே தொடறதில்லைங்க. பேரன் பிறந்தநாள் கேக்கைக்கூட வேண்டாம்னுட்டாரு” என்றார் மனைவி. அறையே சிரித்தது.

வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. “உக்காருங்கய்யா” என்றாள். “தப்பு உங்களுது இல்ல, என்னுது.” ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தத் தடவை யாரும் ‘உச்’ கொட்டவில்லை.

“அப்புறம் ஏம்மா என்னைச் சொன்னீங்க?” மீதிச் சில்லறை கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

“வேலை போயிடும்னு பயந்துட்டேங்க. மன்னிச்சிடுங்க.”

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். “சரி விடுங்கம்மா. இப்பவாவது சொன்னீங்களே.” மனைவி மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவரும் தீவில் இறங்கினார். ஏழாவது நிமிடத்தில் இரைச்சல் லேசாகக் குறைந்ததுமே அவள் கை காட்டிவிட்டாள். எல்லோரும் குனிந்து பின்வாங்கினார்கள். ஒரு பறவைகூட எழும்பவில்லை. மணல்மேட்டைத் தாண்டியதும் மற்றவர்கள் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்டக்டர் மட்டும் குனிந்தபடியே இருந்தார். ஒரு கை முழங்காலைப் பிடித்திருந்தது.

“இங்க நிமிரலாங்கய்யா. இங்கேருந்து அதுங்களுக்குத் தெரியாது” என்றாள்.

“நிஜமாவா?”

“நிஜமாத்தாங்க.”

அவர் மேட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

“எதுக்கும்மா வம்பு” என்று சொல்லிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, படகுவரைக்கும் குனிந்தேதான் போனார்.